பச்சை முடிச்சு

...இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும், வாயைத் திறந்தால் முடிந்துவிடும், ஆனால் வண்டிக்குள் சொல்ல முடியவில்லை, வண்டியை விட்டு இறங்கியும் சொல்ல முடியவில்லை, இப்போது இந்தக் கல் பாதையில், மாமி ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு முன்னால் ஏறிக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது... ராதியா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பைக்குள் கைபேசி, கைபேசிக்குள் துனிஸ் மருத்துவமனையிலிருந்து வந்த இரத்தப் பரிசோதனைச் செய்தி. தெஸ்தூரைத் தாண்டிய வளைவில் வந்தது. மடியில் ஒரு நடுக்கம், அவ்வளவுதான். படித்தாள், கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள், சாலையோர ஆலிவ் மரங்களைப் பார்த்தாள். "வந்துச்சா?" என்றான் கணவன் லுத்ஃபி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் இல்ல." அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அது அவளுக்கு முன்பே வாய்க்குள் வந்து உட்கார்ந்திருந்ததுபோல் இருந்தது. இரண்டுக்குக் கீழே. செய்தியில் அப்படித்தான் இருந்தது, பூஜ்யம் என்று இல்லை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளும் தினமும் அப்படித்தான் எழுதுகிறாள், கிணற்றுத் தண்ணீரில் ஈயம் இத்தனைக்குக் கீழே, நைட்ரேட் இத்தனைக்குக் கீழே. இல்லை என்று எழுதுவதில்லை. இருக்கலாம், கருவிக்குத் தெரியவில்லை, அவ்வளவே. ஆனால் இரத்தத்தில் குழந்தை அப்படி இருக்காது. இரண்டுக்குக் கீழே என்றால் இல்லை. மூன்றாவது முறையும் இல்லை.

"இந்த ரோமாக்காரனுக்கு முட்டி வலியே கிடையாதாப்பா? எவ்வளவு உசரத்துல படி வச்சிருக்கான் பாரு" என்று மாமி நின்றாள். காவலாளி தய்யிப், பாதையோரம் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்தார். "இருந்துச்சு உம்மா, நிறையவே இருந்துச்சு. அதான் ஒருத்தனும் மிஞ்சல." மாமி மூச்சு வாங்கியபடியே சிரித்தாள். அவளுக்கு இந்த மனிதரைத் தெரியும், ஒவ்வொரு வசந்தத்திலும் வருகிறவள்தானே. "டிக்கெட் கேப்பியா?" "லல்லாவப் பாக்க வந்தவங்களுக்கு டிக்கெட் கிடையாது. ரோமாக்காரனப் பாக்க வந்தாத்தான் டிக்கெட்." "அவன யாரு பாக்க வந்தா?" அந்தச் சரிவில் வேறு யாருமில்லை. உடைந்த தூண்கள், இடையிடையே மஞ்சள் பூக்கள், உயரமான ஒற்றைத் தூணின் தலையில் நாரைக் கூடு. மேலே, பழைய கோயில் மேடை ஓரத்தில் இறைநேசப் பெண் லல்லா ஷரீஃபாவின் சின்ன வெள்ளைக் கும்மட்டம். ரோமர்களின் கல்லையே எடுத்துக் கட்டிய தர்கா, வாசல் நிலை இரண்டும் அவர்கள் தூண்தான். அதன் சன்னல் கம்பியில்தான் அந்தப் பச்சைத் துணி இருக்கிறது. கல்யாணமாகி இரண்டாவது வருஷம், மாமி தன் தலைத்துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள், கம்பியில் மூன்று முடிச்சாகக் கட்டினாள். "கட்டின கைதான் அவிழ்க்கணும், வேண்டினது கிடைச்சப்புறம்தான் அவிழ்க்கணும்" என்றாள். "வருவோம் பாரு, உன் இடுப்புல ஒண்ணோட வருவோம்." அன்றைக்கு ராதியா வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டதை நினைத்தால் இப்போது யாரோ ஒரு சின்னப் பெண்ணை நினைப்பதுபோல் இருக்கிறது... அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை மாமி மெழுகுவர்த்தியோடு வந்து, லல்லாவுக்கு ஞாபகப்படுத்தி, துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்புவாள். துணி வெளுத்துக்கொண்டே வந்தது. இன்றைக்கும் விடியற்காலையில், கேஃப் ஊரிலிருந்து துனிஸுக்குக் கிளம்பும்போது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டாள், "நானும் வர்றேன். திரும்பி வரும்போது லல்லாகிட்ட நிறுத்து." லுத்ஃபி ராதியாவைப் பார்த்தான், ராதியா தலையாட்டினாள். மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

தய்யிப் அவர்களை விடுவதாக இல்லை. "உம்மா கொஞ்சம் மூச்சு விடட்டும், நீங்க மீனப் பாத்துட்டுப் போங்க" என்று ஒரு வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். வீடு என்றால் முழங்கால் உயரச் சுவர்கள், நடுவில் தரை. தரை முழுக்கச் சின்னச் சின்னக் கற்களால் பதித்த படம், ஆனால் மேலே சாம்பல் நிறப் படலம், ஒன்றும் தெரியவில்லை. சுவரோரம் ஒரு பலகை, அதன்மேல் தய்யிப்பின் மேல்சட்டை தொங்கியது. மூடாமல் விட்ட கடைசி வரியில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எழுதியிருந்தது. அவர் மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலை எடுத்தார், செடிக்கு ஊற்றுவதுபோல் மெதுவாக ஆட்டினார். உடனே மீன்கள் வந்தன. நீலம், சிவப்பு, கரும்பச்சை, ஒரு எட்டுக்கால் கடல் பிராணி, வாலைத் தூக்கிய இறால். கடல் எங்கே இருக்கிறது, இந்த மலைச்சரிவு எங்கே இருக்கிறது, யாரோ ஒருவன் தன் வீட்டில் கடல் வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறான். "பாத்தீங்களா, உசிர் வந்துடுச்சு." "பலகையில ஊத்தக் கூடாதுன்னு இருக்கே" என்றான் லுத்ஃபி. "அதுக்குத்தானே சட்டையப் போட்டு மூடியிருக்கேன்" என்றார் தய்யிப். லுத்ஃபி சிரித்துவிட்டான், ராதியாவுக்கும் உதடு விரிந்தது. சொல்லலாமா, ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அடியிலிருந்து உப்பு மேலே ஏறுகிறது, காய்ந்ததும் படலம் இன்னும் கெட்டியாகிறது, அதனால் அடுத்த முறை இன்னும் அதிகம் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று... எதற்கு. இவர் மட்டுமா இப்படிச் செய்கிறார். பாதி ஒளிந்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும். குளிர்பெட்டியில் ஹரிஸ்ஸா மிளகாய் விழுது டப்பாவுக்குப் பக்கத்தில் ஊசி மருந்துகள், ஒவ்வொரு இரவும் வயிற்றில் ஒரு குத்து, அப்புறம் நாள்கணக்கில் ஓர் அசைவு, ஒரு குமட்டல், ஒரு சின்ன வலி, எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்கி, உசிர் வந்துவிட்டது என்று நம்பி... இதோ ஓரத்தில் காய ஆரம்பித்துவிட்டது. வாலிலிருந்து தலைவரை ஒரு மீன் மங்கிக்கொண்டே போனது. தய்யிப் பாட்டிலை மறுபடி எடுத்தார். "போதும், வேணாம்" என்றாள் ராதியா. குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. அவர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

வெளியே லுத்ஃபி ஒரு தூண் துண்டின்மேல் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தான். அவள் பக்கம் ஒரு கைப்பிடி நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை. பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறவன், ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளை இங்கே கூட்டி வருவான். திரும்பி வந்து, ஒருத்தன் தூணில் ஏறினான், ஒருத்தி கல்லறைத் தொட்டிக்குள் படுத்துப் போட்டோ எடுத்தாள் என்று சிரித்துச் சிரித்துச் சொல்வான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்திவிடுவான். அவளுக்கு வலிக்கும் என்று நினைத்து நிறுத்துவான். நிறுத்துவதுதான் வலிக்கும். அதை எப்படி அவனிடம் சொல்வது. "இங்க சிக்னலே இல்ல" என்றான், கைபேசியை உயர்த்திப் பார்த்துவிட்டு. அப்புறம் மெதுவாக, "நல்லதாப் போச்சு" என்றான். ஏன் அப்படிச் சொன்னான்? அவனுக்கும் கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்க வேண்டும் என்று இருக்கிறதா? இந்தக் கற்களுக்கு நடுவே, ஒன்றும் வராத, ஒன்றும் கேட்காத இடத்தில்? அப்படியானால் சொல்லாமல் இருப்பது அவனுக்குக் கொடுக்கிற ஓய்வுதானே. இல்லை, அது சாக்கு. இல்லை என்று சொன்னால் அவன் தலையைத் தடவிக்கொள்வான், பரவாயில்லை என்பான். ராத்திரி சமையலறையில் தண்ணீர் குடிக்கும் சாக்கில் நெடுநேரம் நிற்பான். காலையில் மாமி, நாலாவது தடவை ஆனவங்க இருக்காங்க, என் சித்தி மகளோட மருமக இல்லையா, என்பாள். மறுபடியும் குளிர்பெட்டியில் டப்பாக்கள். சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தோமே, சொன்னால் முடியாது, சொன்னால்தான் அடுத்தது ஆரம்பிக்கும். அதனால்தான் வாய் திறக்கவில்லையோ? அழுகை வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். முதல் முறை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இந்த முறை தூக்கம்தான் வருகிறது. இந்தக் கல்லிலேயே, வெயில் படும் பக்கமாகப் படுத்துவிடலாம்போல் இருக்கிறது. "உம்மா எங்க?" என்றான் லுத்ஃபி. மாமியைக் காணவில்லை. "மேல போயிட்டாங்க" என்றார் தய்யிப், "கைத்தாங்கல் குடுக்கட்டுமான்னேன், உன் வேலையப் பாருன்னுட்டாங்க." ராதியா விதையைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்தாள்.

ஏறும்போது பாறையிடுக்கில் யாரோ விட்டுப்போன மெழுகுவர்த்தித் துணுக்குகள் கிடந்தன. அப்போது ஞாபகம் வந்தது, மாமி இந்த முறை வாங்கவில்லை. தெஸ்தூரில் கடை வாசலில் வண்டி நின்றபோது, "மாமி, மெழுகுவர்த்தி வாங்க வேணாமா?" என்று கேட்டாள். "வேணாம், இருக்கட்டும்" என்றாள் மாமி. பையில் இருக்கிறது என்று ராதியா நினைத்துக்கொண்டாள்... தர்காவின் வாசல் தாழ்ந்தது, குனிந்துதான் போக வேண்டும், ஆனால் மாமி உள்ளே இல்லை. பக்கவாட்டில் சன்னலடியில், ஒரு ரோமானியக் கல்லில் முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். கம்பி முழுக்கத் துணிகள், சிவப்பு, வெள்ளை, குழந்தைச் சட்டையின் கைத்துணி, காலுறை, ரிப்பன். மாமி முகத்தைக் கம்பியோடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்து ராதியா தள்ளியே நின்றாள். இல்லை. மாமி பல்லால் எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். மழையும் வெயிலும் பட்டு இறுகிப்போன முடிச்சு. ஒன்றை அவிழ்த்துவிட்டாள், நகத்தால் இரண்டாவதைக் குடைந்தாள், எச்சில் தொட்டு நனைத்தாள், மறுபடி பல். சாயம் போன துணிதான், ஆனால் முடிச்சு அவிழ்ந்த இடத்தில், உள்மடிப்பில், வெயில் படாத இடத்தில் இன்னும் பச்சை இருந்தது. தடுக்க வேண்டும், ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும், மாமி, கிடைக்கவில்லை, நான்தான் சொல்லவில்லை, கிடைக்காமல் அவிழ்க்கக் கூடாதே... காலையில் மாமி ராதியாவின் முகத்தை உற்றுப் பார்த்து, "இன்னிக்கு முகம் வேற மாதிரி இருக்கு" என்றாளே, அதை வைத்து உண்டாகியிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாளா? ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருப்பாளா? கடைசி முடிச்சும் வந்துவிட்டது. மாமி துணியைத் தொடைமேல் வைத்து நீவினாள். திரும்பாமலே சொன்னாள், "என்ன அங்கயே நிக்கிற? கையக் குடு, எந்திரிக்கணும்."

ராதியா கையைக் கொடுத்தாள். மாமியின் முழுக் கனமும் அந்தக் கையில் வந்தது. "மாமி, அத ஏன்..." என்று ஆரம்பித்தாள். "நாந்தானே கட்டினேன்" என்றாள் மாமி, முழங்காலிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே. "பாத்து எறங்கு. இந்தக் கல்லு வழுக்கும்." சந்தோஷமா, கோபமா, களைப்பா, அந்த முகத்தில் என்ன இருந்தது என்று ராதியாவால் படிக்க முடியவில்லை. வருஷக்கணக்காகத் தன் முகத்தைத்தான் மாமி படித்துக்கொண்டிருந்தாள், மாமியின் முகத்தை அவள் ஒருநாளும் படித்ததில்லை. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி இறங்கினார்கள். வழியில் அந்த மீன் வீடு. தரை முழுக்கக் காய்ந்து, பழைய சாம்பல் நிறத்துக்குத் திரும்பியிருந்தது. "அவன் மறுபடியும் தண்ணி ஊத்தினானா?" என்றாள் மாமி. "ஆமா." "கேக்க மாட்டேங்கிறான். எத்தன தடவ சொல்லியிருக்கேன், அது பாட்டுக்குக் கெடக்கட்டும்டான்னு."

வண்டியில் மாமி பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தாள். லுத்ஃபி சாவியைச் செருகினான், திருப்பவில்லை. இறங்கும் வழியில் சிக்னல் வந்திருக்க வேண்டும், கைபேசியை ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தான். மருத்துவமனையில் கொடுத்தது ராதியாவின் எண் மட்டும்தான். "வந்துச்சா?" என்று மறுபடி கேட்கப் போகிறான், அந்த மூச்சு இழுப்பதிலேயே தெரிந்தது. அதற்குள் பின்னாலிருந்து மாமி, "வண்டிய எடுடா" என்றாள். "அவ களைச்சுப் போயிருக்கா." களைச்சுப் போயிருக்கா. வயிற்றில் ஒன்றைச் சுமப்பவளுக்கும் அதைச் சொல்லலாம், போதும் என்று ஆனவளுக்கும் அதைச் சொல்லலாம். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் அவளைப் பற்றி அதைச் சொன்னதில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை. "வந்துச்சு, லுத்ஃபி" என்றாள். "இல்லன்னு வந்துச்சு. தெஸ்தூர் தாண்டினப்பவே வந்துச்சு." அவன் சாவியிலிருந்து கையை எடுத்தான். ஸ்டியரிங்மேல் வைத்தான். ராதியா அவனைப் பார்க்கவில்லை, பின்னால்தான் காதை வைத்திருந்தாள். ஒரு விசும்பல் வரும், யா ரப்பி என்று வரும், நாலாவது தடவை என்று வரும்... வரவில்லை. துணியை நீவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கவுமில்லை, வேகமாகவுமில்லை. மடித்து, நீவி, மறுபடி மடித்து. ராதியாவுக்கு அப்போதுதான் விடியற்காலை ஞாபகம் வந்தது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே மாமி, திரும்பி வரும்போது நிறுத்து என்றது. அப்போது இரத்தமே எடுக்கவில்லையே. யாருக்கும் ஒன்றும் தெரியாதே. மெழுகுவர்த்தியும் வேண்டாம் என்றுவிட்டாளே... ஆமாம் என்று வந்திருந்தாலும், இல்லை என்று வந்திருந்தாலும், அவிழ்த்துவிடுவது என்று வீட்டிலிருந்தே கிளம்பி வந்திருக்கிறாள். அது நம்பிக்கை போனதாலா, தன்னை விட்டுவிடச் சொல்லியா, யாரிடம் கேட்பது. லுத்ஃபி வண்டியை எடுத்தான். ராதியா பின்னால் திரும்பாமல், இருக்கையின் பக்கவாட்டு இடுக்கு வழியாகக் கையை நீட்டினாள். எதற்கு நீட்டுகிறோம் என்று தெரியாமலே நீட்டினாள். கொஞ்ச நேரம் அது வெறுமனே இருந்தது. அப்புறம் உள்ளங்கையில் ஏதோ வைக்கப்பட்டது, மடித்த துணி, ஒரு ஓரத்தில் இன்னும் எச்சில் ஈரம்.