ஏழாம் அத்தியாயத்து மச்சான்

எடிட்டரிடமிருந்து திருத்தம் கேட்டுக் கடிதம் வந்தால் எழுத்தாளர் வீட்டில் எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவார். அது கோபமா, துக்கமா என்று அவருக்கே தெரியாது. அவர் மனைவிக்கு மட்டும் அளவு தெரியும். ஜன்னல் கம்பி என்றால் நாலு வாக்கியம் போயிருக்கிறது. மின்விசிறி என்றால் ஒரு காட்சி. ஸ்டூலை விட்டுவிட்டு ஏணியைத் தேடினால், அதாவது பரணில் ஏறிவிட்டால், கதையில் ஓர் ஆளே போயிருக்கிறார், வீட்டில் யாரோ செத்தது போல. அன்றைக்கு அவரிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. நாவல் பதிப்பகத்துக்குப் போன எட்டு மாதத்தில் வீடு பளிங்காகிவிட்டது. எதிர் வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் தங்கம்ங்க" என்று பெருமூச்சு விட்டாள். மனைவி மறுக்கவில்லை. அவளுக்கு லாபம்தானே.

பகலில் அவர் ஒரு மிக்ஸி கம்பெனியில் வேலை பார்த்தார். புகார் எழுதுகிறவர்களுக்கெல்லாம், "தங்கள் கருத்தை மிகுந்த அக்கறையுடன் பரிசீலித்து வருகிறோம்" என்று பதில் எழுதுவதுதான் வேலை. அந்த வாக்கியத்தில் எவ்வளவு அக்கறை இருக்கிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் எடிட்டரம்மாவுக்கு அவர் அனுப்பிய பதில் ஒவ்வொன்றும் அதே வாக்கியத்தில்தான் தொடங்கியது.

நாலு வருஷம் உட்கார்ந்து எழுதிய நாவல். ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்று, அதில் வாழும் மனிதர்கள். இரண்டாம் மாடியில் ஒருவர் டைரி எழுதுவார். எல்லாவற்றையும் பார்ப்பார், எல்லாவற்றையும் புரிந்துகொள்வார், யாரும் அவரைப் புரிந்துகொள்ள மாட்டார்கள். அவர்தான் கதாநாயகன். எழுத்தாளரை ஐந்து நிமிஷம் பார்த்தவர்கள்கூட அது யார் என்று சொல்லிவிடுவார்கள். முழுக்க முழுக்கக் கற்பனை என்று எழுத்தாளர் மட்டும் சாதித்துக்கொண்டிருந்தார்.

மச்சானைப் பற்றி அப்படிச் சாதிக்கவும் முடியாது. மச்சான் என்றால் மனைவியின் கூடப் பிறந்த அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். ஏழாம் அத்தியாயத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு இடுக்கு வழியாக ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார். பதினோரு பக்கம் பேசுகிறார். அப்படியே மச்சான். அவர் பள்ளிக்கூடம் விட்ட பிறகு படித்த ஒரே இலக்கியம் அந்தப் பதினோரு பக்கம்தான். அதன் பிரதியை ஸ்பேனர் பையில் மடித்து வைத்துக்கொண்டு, சர்வீஸுக்குப் போகிற கட்டிடத்திலெல்லாம் காவலாளிகளுக்கு வாசித்துக் காட்டுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாவல் அந்தப் பதிப்பகத்துக்குள் நுழைந்ததே மச்சான் தயவில்தான். அந்தக் கட்டிடத்து லிஃப்டும் அவர் பொறுப்பு. ஒரு நாள் கிரீஸ் கையோடு நாலாம் மாடியில் எடிட்டரம்மா முன்னால் போய் நின்று, "எங்க மாப்ள கதை எழுதுறார்மா, ஒரு தடவை பாருங்க" என்று சொன்னவர் அவர். அதற்கு முன் மூன்று வருஷமாக எழுத்தாளர் தபாலில் அனுப்பியது எதுவும் அந்த மாடி ஏறியதே இல்லை.

இப்போது வந்த கடிதம் சுருக்கமாக இருந்தது. "ஏழாம் அத்தியாயத்து லிஃப்ட்காரர் எதற்கு? இப்படிப் பேசுகிறவர்கள் நிஜத்தில் இருப்பதில்லை. பதினோரு பக்கத்தையும் எடுத்துவிடலாம். அடுத்த மாதம் அச்சுக்குப் போகும் பட்டியலில் ஒரே ஓர் இடம் இருக்கிறது."

அந்த ஓர் இடத்துக்காகத்தான் நாலு வருஷம். எழுத்தாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மறுநாள் காலை டீ ஆறுவதற்குள் பதினோரு பக்கத்தையும் உருவி எடுத்து, எட்டாம் அத்தியாயத்தை ஏழு என்று மாற்றினார். துணியைத் தேடவில்லை, வாளியைத் தொடவில்லை. அதைப் பார்த்த மனைவிக்கு ஒரே சந்தோஷம்.

"என்னங்க, ஒண்ணும் மாத்தச் சொல்லலையா?"

"சின்ன விஷயம்தான். முடிஞ்சுது."

மச்சானிடம் என்ன சொல்வது? புத்தகம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். புகார்க்காரர்களிடம் பழகிய புத்தி.

பிரதியை நேரிலேயே கொடுத்துவிடலாம் என்று அரை நாள் லீவு போட்டுப் போனார். எடிட்டரம்மா வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். "கீழ போயிட்டே பேசலாம், வாங்க சார்" என்றார். இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் அது ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கும் போய்விட்டது.

அத்தனை பேர் கதைகளை ஈவு இரக்கம் இல்லாமல் வெட்டித் தள்ளிய எடிட்டரம்மா எழுத்தாளரின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "எனக்கு மூடின இடம் ஆகாது சார்" என்றபோது அவர் குரலே மாறியிருந்தது. எழுத்தாளர் ஏதாவது ஆறுதல் சொல்ல நினைத்தார். வாயைத் திறந்தால் 'தங்கள் கருத்தை' என்றுதான் வந்தது. மூடிக்கொண்டார்.

கால் மணி நேரம் கழித்துத் தலைக்கு மேலே கதவு இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கூடவே குரல்.

"உள்ள எத்தனை பேரு?"

எழுத்தாளருக்கு அந்தக் குரல் தெரியும். கையில் மச்சான் இல்லாத நாவலை வைத்துக்கொண்டு எப்படிப் பதில் சொல்வது? எடிட்டரம்மாதான், "ரெண்டு பேரு" என்றார்.

"ரெண்டு பேரா, நல்லதாப் போச்சு. ஒருத்தர்னா பேச்சுத்துணை இருக்காது. பயப்படாதீங்க. கதவைத் தட்டாதீங்க, தள்ளாதீங்க. மேல மோட்டார் ரூம்ல எங்க ஆளு சக்கரத்தைச் சுத்த ஆரம்பிச்சுட்டாரு, மெதுவாத்தான் வரும். தண்ணி இருக்கா? சரி. அழுகை வந்தா அழுதுடுங்கம்மா, அடக்காதீங்க. எங்க லிஃப்ட்ல அழாதவங்களே கிடையாது. போன வாரம் ஒரு போலீஸ்காரர் அழுதாரு."

இருட்டில் எடிட்டரம்மா சிரித்துவிட்டார். சட்டைக் கையை விட்டார்.

"இன்னும் பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் ஒரு விஷயம் சொல்றேன் கேளுங்க. எங்க தங்கச்சி வீட்டுக்காரரு பெரிய எழுத்தாளரு. இந்தக் கட்டிடத்துலதான் அவர் புக்கு வரப்போவுது. அதுல நானும் இருக்கேன், தெரியுமா? ஏழாம் அத்தியாயம். எத்தனை வருஷம் இந்த இடுக்குல வாய வச்சுப் பேசியிருப்பேன். வெளிய வந்ததும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, ஓடிருவாங்க. மாப்ள ஒருத்தருதான் உக்காந்து அத்தனையும் எழுதியிருக்காரு."

லிஃப்ட் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. எழுத்தாளருக்கு அது அங்கேயே நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, வியர்வையோடு சேர்ந்து வழிந்தது.

"சார், இவர் நிஜமாவே இருக்காரா?" என்று எடிட்டரம்மா கிசுகிசுத்தார்.

"இருக்கார் மேடம்."

கதவு முழுசாகத் திறந்தது. மச்சான் இருவரையும் பார்த்தார். முகமெல்லாம் பல்லாக, "அட, மாப்ளே!" என்றார். வெளியே கால் வைத்த எடிட்டரம்மா, நெஞ்சு நிறைந்த நன்றியில், யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"சார், எடுத்த அந்தப் பதினோரு பக்கத்தையும் திரும்ப வச்சிடுங்க!"

மச்சான் சிரிப்பை உடனே எடுக்கவில்லை. அழுக்குத் துணியில் விரல் விரலாகக் கையைத் துடைத்தார். "படி இருக்கு, பாத்துப் போங்க" என்றார். எழுத்தாளர் போனார்.

நாலு நாளில் அடுத்த கடிதம் வந்தது. "லிஃப்ட்காரர்தான் இந்த நாவலின் உயிர். அவரைக் கதை முழுக்கக் கொண்டுவாருங்கள். ஆனால் இரண்டாம் மாடியில் டைரி எழுதுகிறவர் எல்லா இடத்திலும் குறுக்கே நிற்கிறார். எதுவும் செய்வதில்லை, தன்னைப் பற்றியே நினைக்கிறார். அவரை முழுவதுமாக எடுத்துவிட்டால் நாவல் மூச்சு விடும்."

எழுத்தாளர் ஏணியைத் தேடினார். மனைவி தானாகவே எடுத்து வந்து சாத்திவிட்டு, அண்ணனுக்குப் போன் செய்தாள்.

மச்சான் வந்தபோது பரணிலிருந்து இரண்டு கால் மட்டும் தெரிந்தது. ஏணிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"உள்ள எத்தனை பேரு?"

துடைக்கும் சத்தம்தான் கேட்டது. அப்புறம், "ஒருத்தர்தான் மச்சான்" என்று தூசிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தண்ணி இருக்கா?"

"இருக்கு."

"பயப்படாதீங்க. நான் அந்தம்மாகிட்டப் பேசிட்டுத்தான் வரேன். என் பதினோரு பக்கத்துல அஞ்சை மாப்ளைக்குக் குடுத்துடுங்க, எனக்கு ஆறு போதும்னு சொன்னேன். அப்படியெல்லாம் மாத்திக் குடுக்க முடியாதாம். என்ன சட்டமோ!"

பரணுக்குள் துடைக்கும் சத்தம் நின்றது. ரேஷன் கேட்பது போலப் போய்ப் பக்கம் கேட்டிருக்கிறார் மனுஷன்.

"மச்சான், அன்னைக்கு நான்..."

"தங்கச்சி சொல்லிச்சு, மாப்ளே." மச்சான் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நாலு வரி போனா ஜன்னல் துடைப்பீங்களாமே. என்னை எடுத்த அன்னைக்கு நீங்க ஒண்ணையும் துடைக்கலையாம். சரி, இறங்குங்க. கீழ பாக்காம இறங்குங்க."

எழுத்தாளர் இறங்கினார். தலையெல்லாம் ஒட்டடை. மச்சான் அதைத் தட்டிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து லிஃப்ட்காரரைத் திரும்ப வைத்து, கதை முழுக்கக் கொண்டுவந்து, இரண்டாம் மாடிக்காரரை டைரியோடு சேர்த்து நாவலிலிருந்து எடுத்தார். நினைத்த அளவு வலிக்கவில்லை. அந்த மனிதர் போன இடம் எதிலும் ஓட்டை விழவேயில்லை என்பதுதான் கொஞ்சம் வலித்தது. பிரதியைத் தபாலில் சேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கையில் வாளியும் தோளில் பழைய துணியுமாக மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் கதவைத் திறந்து வாளியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தார்.

"எந்த அத்தியாயம்?"

"ஏழு" என்றார் எழுத்தாளர்.

மச்சான் வழிவிட்டு உள்ளே போய் ஸ்டூலைக் கொண்டுவந்து மின்விசிறிக்கு அடியில் போட்டார். அதன் கால் ஆடாமல் பிடித்தும் கொண்டார்.