நடுக் குளத்தில் ஸ்டீரியோ

வார நாட்களில் அந்தக் குளத்துக்கு யாரும் வருவதில்லை. சனி, ஞாயிறு வரும் குடும்பங்களை ஏற்றிச் சுற்றும் மோட்டார் படகுக்கு மற்ற நாட்களில் அரங்கசாமி காவலிருப்பார். மனைவி கீதா பேரனைப் பார்த்துக்கொள்ளப் பெருந்துறையில் உள்ள மகன் வீட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. வீட்டிலும் பேச்சுத்துணை இல்லை, படகிலும் இல்லை. அதனால்தான் பழைய கார் ஸ்டீரியோ ஒன்றை வாங்கி, தானே வயர் இழுத்துப் படகின் பேட்டரியில் நேராகக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் நடுக் குளத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, பாட்டைப் போட்டுப் படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். பாட்டு நின்றபோதுதான் விழித்தார். சாவியைத் திருகினால் 'டிக்' என்றது, எஞ்சின் எடுக்கவில்லை. பேட்டரி முழுவதையும் ஸ்டீரியோ தீர்த்துவிட்டிருந்தது. துடுப்போ கரையில் கிடந்தது.

கீதாவைக் கூப்பிட்டார்.

"சாப்புட்டீங்களா? கொழந்த அழுவுதுங்க, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

செல்போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். படகு முதலாளியிடம் சொன்னால் வேலை போய்விடும். மற்றவர்களிடம் பேசியே வருடக்கணக்காகிறது. கடைசியில், பெரியநாயக்கன்பாளையத்தில் ஸ்டீரியோ விற்ற சுஃப்யானுக்கு அடித்து, பேட்டரி தீர்ந்ததைச் சொன்னார்.

"அங்கயே இருங்ண்ணா, வாரேன்" என்றான்.

"வேற எங்க தம்பி போறது?"

கரையில் கட்டியிருந்த அன்னப்பறவை பெடல் படகை மிதித்துக்கொண்டு, மடியில் பேட்டரியோடு வந்து சேர்ந்தான் சுஃப்யான். அரங்கசாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தப் பேட்டரியில் கேபிள் கொடுத்து எஞ்சினைக் கிளப்பி, பெடல் படகையும் கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள்.

"இது இனி ஸ்டீரியோவுக்கு மட்டுமுங்ண்ணா. எஞ்சின் பேட்டரியத் தொட்டுப்போடாதீங்க" என்று சுஃப்யான் தனியாக வயர் இழுத்து, நடுவில் ஃபியூஸ் வைத்தான். அரங்கசாமி ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தபடி ஓயாமல் பேசினார்: பேரன் நடக்க ஆரம்பித்தது, முட்டி வலி, படகில் ஏறமாட்டேன் என்று அழுத புது மாப்பிள்ளை. சுஃப்யான் "ஆமாங்ண்ணா" போட்டுக்கொண்டே வயரில் இன்சுலேஷன் டேப் சுற்றினான்.

பாட்டு கணீரென்று வந்தது. சுஃப்யான் பையைத் தூக்கினான்.

"பின்னால ஒரு ஸ்பீக்கர் வெக்கலாமா தம்பி?"

எட்டுப் பேர் உட்காரும் படகு. முன்னால் இருப்பதே அதற்கு அதிகம். சுஃப்யான் அவரை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு பின்பக்கம் போய் அளவு டேப்பைப் பிடித்து அளந்தான்.

"வெக்கலாமுங்ண்ணா. வியாழக்கெழம வாரேன். டீ மட்டும் போட்டு வெய்யுங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் அரங்கசாமி பால் பாக்கெட் வாங்கினார். பையில் போட்ட பிறகுதான், வியாழனுக்கு இன்னும் ஒரு முழு நாள் கிடப்பது நினைவுக்கு வந்தது.