விரித்த உள்ளங்கை

தலைமையாசிரியை கேள்வியை மறுபடியும் அம்மாவிடமே கேட்டார்.

"அடுத்த வருஷமும் பாப்பாவுக்கு சயின்ஸ் வேணுமாம்மா? பேசாம மெழுகுவத்தி செய்யற ரூமுக்கு மாத்திடலாமே. அவளுக்கும் கஷ்டமில்ல, நமக்கும் கஷ்டமில்ல."

பாப்பாவுக்குப் பதினைந்து வயது. எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உதவும் துணை ஆசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவகிட்டயே கேளுங்க மேடம்."

"இவளா? டிவி ரிமோட்டுக்கு மட்டும்தான் வாய் திறக்கும்" என்று அம்மா சிரித்தாள்.

பாப்பாவுக்கு டவுன் சிண்ட்ரோம். கேள்வி உள்ளே போய்ப் பதிலாகத் திரும்பி வரச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் வேறு யாராவது பதிலைச் சொல்லி முடித்திருப்பார்கள். அதற்காகத்தான் ஆசிரியை ஒரு வழி பழக்கியிருந்தாள். யாராவது முந்திக்கொண்டு பேசினால் உள்ளங்கையை விரித்து அவர்கள் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். இருங்க, நான் இன்னும் முடிக்கல. கண்ணாடி முன், வகுப்பில், தாழ்வாரத்தில் என்று எத்தனையோ ஒத்திகை. ஆனால் கடைக்காரரிடமும் சரி, அண்ணனிடமும் சரி, பாப்பா ஒருமுறைகூடக் கையைத் தூக்கியதில்லை. நேற்றைய ஒத்திகையில் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது ஆசிரியைக்கு.

தலைமையாசிரியை வேண்டா வெறுப்பாகத் திரும்பினார். "சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

பாப்பாவின் உதடுகள் லேசாக அசைந்தன. காத்திருக்கும்போது பரபரக்கும் தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொள்வது ஆசிரியையின் பழக்கம். இப்போதும் அழுத்திக்கொண்டாள். மின்விசிறி கிறீச்சிட்டது. அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். தலைமையாசிரியையின் கண் கடிகாரத்துக்குப் போனது. போச்சு, எல்லாம் போச்சு.

"அவளுக்கு சயின்ஸ்தான் மேடம் வேணும்! லிட்மஸ் சோதனையப் படத்தப் பாத்து அவளே செஞ்சா. நான் சும்மா பக்கத்துல உக்காந்து..."

ஆசிரியையின் மூக்குக்கு நேரே ஒரு உள்ளங்கை எழுந்தது. குட்டை விரல்கள், குறுக்கே ஒரே ரேகை, ஓரத்தில் பேனா மை.

"சயின்ஸ்... வேணும்" என்றாள் பாப்பா.

ஆசிரியை மூச்சு விட்டாள். கை இறங்கவில்லை.

"நீங்க... பக்கத்துல... வேணாம்."

"ஐயையோ! டீச்சரப் பாத்து அப்படிச் சொல்லலாமா பாப்பா?"

மற்ற கை அம்மாவின் பக்கம் எழுந்தது. "நான்... பாப்பா இல்ல."

போக்குவரத்துக் காவலரைப் போல இரண்டு கைகளையும் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். ஆசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட வகுப்பிலேயே முடித்துக்கொண்டு ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள். யாரிடமும் தூக்காத கையைத் தூக்க நான்தானா கிடைத்தேன்? 

"நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றார் தலைமையாசிரியை. "சரி, நீங்க பக்கத்துல இல்லேன்னா லேப்ல யாரு பாத்துக்கறது? ஆசிட்டக் கொட்டிக்கிட்டா?"

அவர் கேட்டது ஆசிரியையைப் பார்த்து. அம்மாவும் அவளையே பார்த்தாள். பாதுகாப்புக் கண்ணாடி அணிவது, முதலில் படம் பார்ப்பது, கூட வேலை செய்ய ஒரு தோழி என்று பதில் முழுவதும் ஆசிரியையின் நாக்கு நுனியில் வந்து நின்றது.

அவள் கைகளை இன்னும் ஆழமாகத் தொடைக்கடியில் தள்ளிக்கொண்டாள். தலைமையாசிரியை பேனாவை மூடினார். நீட்டிய கைகளுக்கு நடுவே, அந்தப் பெண்ணின் உதடுகள் மெல்ல அசையத் தொடங்கின.