பன்னிரண்டு பேர் இருந்தால்தான் வகுப்பு

எங்கள் ஓஹையோ கல்லூரியில் சேர வருகிறவர்களை முதலில் ஒரு கணினி முன்னால் உட்கார வைப்பார்கள். கணக்கில் யார் எந்த வகுப்புக்கு லாயக்கு என்று அது முடிவு செய்யும். முதல் சில கேள்விகளில் தடுமாறினால் போதும், மேலும் மேலும் எளிய கேள்வியாகக் கேட்டு ஆளை அடிமட்டத்தில் தள்ளிவிடும். இதை யாரும் சொல்வதில்லை. "இதுல பாஸ், ஃபெயிலெல்லாம் கிடையாது, சும்மா பண்ணுங்க" என்று கவுண்டரில் இருக்கிற புண்ணியவதி சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரெனிட்டா அதை நம்பினாள். முதியோர் இல்லத்தில் வேலை. ஷிஃப்டுக்கு பஸ் பிடிக்கிற அவசரத்தில் கைக்கு வந்ததை அழுத்திவிட்டு ஓடியிருக்கிறாள். பின்னம் கூட்டக் கற்றுத்தரும் என் வகுப்பில் வந்து விழுந்தாள். நர்ஸிங்கில் அவளுக்கு ஜனவரியில் இடம் இருந்தது, அதற்குள் புள்ளியியல் முடித்தால். என் வகுப்பில் தொடங்கினால் இன்னும் இரண்டு வகுப்பு தாண்டித்தான் புள்ளியியல். இடம் அம்போதான்.

முதல் வாரம் நான் வைக்கும் தேர்வில், கடைசிப் பக்கத்து இயற்கணிதத்தை யாரும் தொடுவதில்லை. அவள் முழுதும் போட்டிருந்தாள்.

"நீ எதுக்கு இங்க உக்காந்திருக்க?"

"கம்ப்யூட்டர் இங்கதான் போட்டுச்சு மிஸ். நான் கணக்குல மக்குன்னு."

"அப்ப இதை யாரு போட்டா, உன் பஸ் டிரைவரா?"

"ஏதோ குருட்டாம்போக்குல வந்துடுச்சு."

முதல் வாரத்துக்குள் ஆசிரியர் கேட்டால் மேல் வகுப்புக்கு மாற்றலாம் என்று விதி இருக்கிறது. துறைத் தலைவர் கர்ட்டிடம் போனேன்.

"மார்லீன், உன் வகுப்புல எத்தனை பேரு?"

"பன்னிரண்டு."

"இவ போனா பதினொண்ணு. பன்னிரண்டுக்குக் குறைஞ்சா வகுப்பை மூடணும். மத்தவங்களை என் வகுப்புல சேத்துக்கறேன். உனக்குத்தான் இந்த டெர்ம் வேற எதுவும் இல்ல. யோசிச்சுக்க."

என்மேல் அக்கறையாம். வகுப்புக்கு வகுப்பு கூலி வாங்கும் எங்களைப் போன்றவர்களின் பயத்தை வைத்துத்தான் இவர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் கீழேயே பிடித்துவைக்கிறார்கள். எத்தனை ரெனிட்டாக்களை இப்படி எண்ணிக்கைக்காக உட்காரவைத்தார்களோ.

"மூடிக்க," என்றேன். "அவளை இன்னைக்கே மாத்து."

"கோவத்துல பேசற."

"ஆமா, கோவத்துலதான் பேசறேன்."

மாற்றினான். மறுநாள் காலை அவளை நானே புள்ளியியல் அறைக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மிஸ், டெஸ்ட்ல என்னை இங்க போடலியே. யாராவது கேட்டா?"

யாரும் கேட்கப்போவதில்லை. அந்தப் பாழாய்ப்போன கணினி அவளுக்குள்ளேயே குடியேறி, கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழாமல் அதட்டினேன்.

"மார்லீன் மிஸ் போட்டாங்கன்னு சொல்லு. உள்ள போ."

போனாள். கதவோரம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போக வசதியான கடைசி நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் நகரவில்லை. எனக்கு அன்று போக வேறு வகுப்பும் இல்லை. அவள் பையைக் கீழே வைக்கும்வரை வாசலிலேயே நின்றேன்.