மெதுவாக ஒரு பதில்

அண்ணனின் தையல் கடையில் அவளுடைய மெஷினுக்கு மேலே அந்த வேத வசனம் தொங்குகிறது. மெதுவாகச் சொல்லும் பதில் கோபத்தைத் தணிக்கும் என்பது அதன் சாரம். அவளே நீல நூலில் பூவேலை செய்து சட்டம் போட்டது. யார் எப்படிக் கத்தினாலும் அவள் வாய் திறக்கமாட்டாள். வருகிறவர்கள் “தங்கமானவங்க” என்பார்கள். அவளும் சும்மா இல்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வாள்.

போன வாரம் ஒரு கல்யாண உடுப்பு கருகிப்போனது. போன் வந்ததும் இஸ்திரிப் பெட்டியை அதன் மேலேயே வைத்துவிட்டுப் போனவர் சாட்சாத் அண்ணன்தான். பட்டன் தைத்துக்கொண்டிருந்த இவள் பார்த்தாள். கருகல் வாடை வந்தபோதுதான் உறைத்தது.

பெண் வீட்டார் வந்து குதித்ததும் அண்ணன் கூசாமல், கடையில் கூடவே வேலை பார்க்கும் இவள் மகளை நோக்கிக் கையை நீட்டினார். “எல்லாம் இவ வேலை. பொறுப்பில்லாத கழுதை!”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வசனத்தைப் பார்த்தாள். பிறகு மகளிடம், “விடும்மா, மாமாதானே,” என்றாள்.

இன்று மகள் வெளியூர்க் கடை ஒன்றில் வேலை தேடிக்கொண்டு பெட்டியும் கையுமாக நின்றாள். வாசலில் வாடகை வண்டி.

“போகாதடி. மாமா கோபம் ரெண்டு நாள்ல ஆறிடும்.”

“மாமா கோபத்துக்கா நான் போறேன்? நீ சொல்லு, அன்னைக்கு யாரு இஸ்திரிப் பெட்டியை வெச்சது?”

உள்ளே அண்ணன் துணி வெட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்துவிடுமே என்று இவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். “மெதுவாப் பேசும்மா!”

மகள் சட்டத்தைக் காட்டினாள். “மெதுவாப் பதில் சொல்லுன்னுதானே போட்டிருக்கு? பதிலே சொல்லாதேன்னா போட்டிருக்கு?”

மகள் ஏறியதும் வண்டி கிளம்பிவிட்டது. அட கடவுளே, ஒவ்வொரு எழுத்தாகத் தைத்த கைக்கு இது புரியாமல் போயிற்றே! இவள் விறைத்துப்போய் நின்றாள்.

அண்ணன் வெளியே வந்தார். “போகட்டும் விடு. பண்ணின தப்புக்கு மூஞ்சியைக் காட்ட முடியாம ஓடுறா.”

“அவ பண்ணலண்ணே. பெட்டியை வெச்சது நீங்க. நான் பார்த்தேன்.”

குரலை உயர்த்தவே இல்லை. இனி வானமே இடிந்து விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் விழவில்லை. அண்ணன் கத்தரியைக் கீழே வைத்தார்.

“தெரியும்மா,” என்றார். “நீ ஏதாவது சொல்லுவேன்னு அன்னைக்கே பயந்துட்டு இருந்தேன்.”

இவ்வளவுதானா? இதற்கா பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்தாள்? செருப்பைக்கூட மாட்டாமல் தெருமுனைவரை ஓடினாள். வண்டி போய்விட்டிருந்தது.