துடைத்தெடுத்த சனிக்கிழமை

படத்தில் ஒரு குறையும் இல்லை. எங்களுக்கு வந்த கேடே அதுதான்.

நகரப் பாரம்பரியக் குழுவின் கூட்ட அறையில், ஹாலன்பெக் சந்தைக் கூடம் ஆளுயரப் படமாக நின்றிருந்தது. வார்ப்பிரும்புத் தூண்கள் இம்மியும் சாயாமல் எழுந்திருந்தன. கூரைக் கண்ணாடி வழியே இறங்கிய வெயில் தரையில் கட்டங்கட்டமாக விழுந்திருந்தது. பால்டிமோரின் மேற்குப் பகுதியில் அத்தகைய கூடம் வேறில்லை என்பதை அந்த ஒரு படமே மெய்ப்பித்தது. சந்தைச் சங்கத்தின் சார்பில் அதை எடுப்பித்துக் கொண்டுபோய் வைத்தவர்கள் நாங்களேதாம்.

கூடத்தை இடித்துவிட்டு, முகப்புச் சுவரை மட்டும் நிறுத்திவைத்து, அதன் பின்னால் அடுக்கு வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. அதன் வழக்கறிஞர் எழுந்தார். படத்தைப் பழிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ மெச்சினார்.

"பிரமாதமான படம். எப்ப எடுத்ததுன்னு அவங்களே கீழ போட்டிருக்காங்க. சனிக்கிழமை, காலையில பதினொரு மணி. சந்தைக்கு அதைவிட நல்ல நேரம் உண்டா? இதுல ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, நான் உட்காந்துடறேன்."

எங்களால் காட்ட இயலவில்லை. படத்தில் ஒரு குருவிகூட இல்லை.

கட்டடம் அழகியது என்பதை அவர்கள் மறுக்கவேயில்லை. அது இன்றும் சந்தையாகப் புழங்குகிறது என்று நிறுவினால்தான் இடிப்பைத் தடுக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. எங்கள் படமோ அதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்லிற்று. குழுவின் தலைவி முடிவை அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைத்தார்.

என் பக்கத்தில் லூசில் பிராட்நாக்ஸ் அமர்ந்திருந்தார். கூடத்தின் நடுத்தூணருகே மீன் பொரித்து விற்பவர் அவர். கூடம் போனால் அவருடைய அடுப்பும் போயிற்று. வேறிடத்தில் வாடகை கொடுத்துக் கடை வைக்க அவருக்கு வழியில்லை.

மறுநாள், படமெடுத்த வெர்னா டில்லரியைச் சந்தைக்கு வரவழைத்தோம். பிட்ஸ்பர்க்கிலும் கிளீவ்லாண்டிலும் சிகாகோவிலும் புதிதாக எழும் கட்டடங்களைப் படமெடுக்கக் கட்டடக் கலைஞர்கள் தேடி அழைப்பது அவரைத்தான். கேமராவை நிறுத்தும் முக்காலி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தார். அவருக்கு அது ஓர் உறுப்புபோல.

லூசில் மீன் துண்டை எண்ணெயில் இறக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏன் கண்ணு, நீ படம் எடுத்தப்ப நான் எங்க இருந்தேன்?"

"இங்கதான், மிஸ் லூசில்."

"என் முன்னாடி வரிசை?"

"அந்தக் கதவு வரைக்கும் நின்னுச்சு."

"அப்புறம் எப்படிம்மா எங்களை முழுங்குன?"

வெர்னாவின் முகம் சிவந்தது. தம் தொழிலின் முறையை விளக்கினார். முக்காலியில் கருவியை அசையாமல் நிறுத்தி, ஒரே இடத்தை அடுத்தடுத்துப் பலமுறை எடுப்பார். பிறகு கணினி அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும். எல்லாவற்றிலும் மாறாமல் இருப்பது தங்கும், நகர்ந்தது மறையும். தூணும் தரையும் தங்கின. சந்தை மறைந்தது.

"உக்காந்திருந்தவங்க?" என்றேன்.

"அவங்களையும் கடைச் சாமானையும் கையால அழிச்சேன், சார். கட்டடப் படம்னா அப்படித்தான். என்கிட்ட யாரும் வேற மாதிரி கேட்டதே இல்ல. நீங்களும் கட்டடத்தை எடுன்னுதான் சொன்னீங்க."

சொன்னது மெய்தான். ஆயினும் என் சினம் அடங்கவில்லை. கட்டடக் கலை இதழ் எதையேனும் புரட்டிப் பாருங்கள். நூலகத்தில் வாசகர் இல்லை. ரயில் நிலையத்தில் பயணி இல்லை. கொள்ளைநோய் வந்து ஊர் ஒழிந்தபின் எடுத்தவைபோல அத்தனை துப்புரவு! எவர் ஏறுவதற்காகப் படிக்கட்டைக் கட்டினார்களோ, அவரே அதற்கு அழுக்காம். இந்த அநியாயத்தை ஒரு தொழில் முழுவதும் ஒழுங்கு என்று போற்றி வருகிறது. இதைத்தான் உரக்கச் சொல்லத் தொடங்கினேன்.

"வாத்தியார் ஆரம்பிச்சிட்டாரு. மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிப்பீங்களா?" என்றார் டெல்ராய் பிங்க்னி. வாசலருகே காலுறையும் தொப்பியும் விற்கும் அவருக்கு எதுவும் வேடிக்கைதான். வெர்னாவின் பக்கம் திரும்பினார். "என்னைக் காணாமப் போகச் சொல்லி என் பொண்டாட்டி எவ்வளவோ வருஷமா பாடுபடுறா. நீ ஒரு பொத்தானை அமுக்கி முடிச்சிட்டியே, தாயி!"

லூசில் சிரிக்கவில்லை. "அழிச்சதை எங்க போட்ட? குப்பையிலயா?"

"இல்ல. ஒவ்வொண்ணும் அப்படியே இருக்கு."

"இருக்கா? எடு, பாப்போம்."

மாவும் உப்பும் சிதறியிருந்த பலகையை லூசில் துடைத்துவிட, வெர்னா அதன்மேல் கணினியைத் திறந்தார். முதற்படம் தெரிந்ததும் சந்தையே அங்குக் கூடிவிட்டது. பணி முடிந்து வந்த செவிலி, சீருடையோடு நின்றபடியே மீனைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரு கிழவர்கள் ஒரு தர்பூசணிக்காக வழக்காடிக்கொண்டிருந்தனர். பிங்க்னி தம் கடைத் தொப்பியைத் தாமே அணிந்து கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது விக்கிற தொப்பிதானே?" என்றது ஒரு குரல்.

"சோதிச்சுப் பாத்தேன். தரம் முக்கியம்" என்றார் பிங்க்னி.

அடுத்தடுத்த படங்களில் லூசில் தென்பட்டார். முதலில் தூணருகே சிறு உருவமாக. பிறகு இடுப்பில் கைவைத்து. பிறகு நடுவழியில், கரண்டியும் கையுமாக. கடைசிப் படத்தில் அவருடைய மேலங்கி மட்டுமே படச்சட்டம் முழுவதையும் அடைத்து நின்றது. முக்காலி வரிசையை மறிக்கிறது என்று வெர்னாவை விரட்ட வந்த காட்சி அது. அத்தனை பெரிய கோபத்தையும் கணினி சுவடில்லாமல் துடைத்திருந்தது.

"இதையே கொண்டுபோய்க் காட்டிடுவோம்" என்றார் லூசில்.

வெர்னா கணினியை மூடினார். "காட்டினா, நான்தான் ஆளை அழிச்சேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். படத்தைத் திருத்துறவ, இதையும் திருத்தியிருக்க மாட்டாளான்னு அந்த வக்கீல் கேப்பான். அதோட அந்தக் குழுவுல ஒரு கட்டடக் கலைஞர் இருக்கார் பாத்தீங்கல்ல? எனக்கு வர்ற வேலையில பாதி அவர் ஆபீஸ்லேர்ந்துதான். வர்ற சனிக்கிழமை புதுசா எடுத்துத் தரேன், காசு வேண்டாம்."

"என் சொந்தக்காரங்க எல்லாரையும் கூட்டியாறேன். கூடம் பிதுங்கும்" என்றார் பிங்க்னி.

"கூட்டிட்டு வந்த கூட்டம்னு முதல் பார்வையிலயே தெரிஞ்சிடும்" என்றேன். "உங்க சொந்தக்காரங்க கேமராவைக் கண்டா பல்லைக் காட்டுவாங்க."

லூசில் அடுப்பை அணைத்தார். அவர் கடை நேரத்தில் அடுப்பை அணைத்ததை அன்றுதான் பார்த்தேன். வெர்னாவின் எதிரே வந்து நின்றார்.

"உன் பொழப்பைக் கெடுத்துக்கோன்னு நான் கேக்க மாட்டேன், கண்ணு. ஆனா ஒண்ணு. அங்க இல்லாத ஆள்னு சொன்னாங்களே, அது நான். நான் இருந்தேன்னு சொல்ல உன்னைத் தவிர ஆளில்ல."

வெர்னா முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். அவர் அமர்வுக்கு வருவாரா என்று எங்களுக்குத் தெரியாது. அழைத்தும் தொலைபேசியை எடுக்கவில்லை.

அமர்வு நாளில் தலைவி எங்கள் சங்கத்தின் பெயரைப் படித்த பிறகுதான் கதவு திறந்தது. வெர்னா நேரே முன்னால் சென்றார். கட்டடக் கலைஞர் அவரைக் கண்டு புன்னகைத்தார். வெர்னா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தாம் கையாண்ட முறையை ஒளிக்காமல் எடுத்துரைத்தார். புன்னகை மறைந்தது.

வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். "அப்போ நீங்க குடுத்த படம் பொய்!"

"ஆமா. அது பொய்தான்."

"பொய் சொன்னவங்களை இப்ப மட்டும் எப்படி நம்பறது?"

"இவங்களைக் காட்டணும்னு நான் படம் எடுக்கல, சார். ஒழிக்கணும்னு எடுத்தேன். யாரையும் நிக்கச் சொல்லல, சிரிக்கச் சொல்லல. எப்படா போவாங்கன்னு காத்துக்கிட்டு நின்னேன். அவங்க போகவே இல்ல. அதைவிட நல்ல சாட்சி வேணுமா?"

எடுத்த வரிசையிலேயே எல்லாப் படங்களையும் திரையில் ஓட்டினார். செவிலி, கிழவர்கள், தர்பூசணி. லூசில் கரண்டியோடு படத்துக்குப் படம் பெருத்து வரவர, தலைவி முதலில் உதட்டைக் கடித்தார். மேலங்கி திரையை அடைத்தபோது வாய்விட்டே சிரித்துவிட்டார். வழக்கறிஞர் எதையோ தொடங்கினார். ஒருவரும் கேட்கவில்லை.

இடிப்புக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கடைகளை இருக்கும் இடத்திலேயே வைத்துத் திட்டம் தீட்டினால், ஓராண்டுக்குப் பின் நிறுவனம் மறுபடியும் வரலாம் என்று தீர்மானித்தார்கள். வருவார்கள், நானும் வருவேன். கட்டடக் கலைஞர் எங்கள் பக்கமே வாக்களித்தார். ஆனால் வெர்னாவிடம் ஒரு சொல்லும் பேசாமல் இறங்கிப் போனார். அவர் அலுவலகத்திலிருந்து இனி வேலை வருமா என்பது இதை எழுதும் வரை தெரியவில்லை.

"வராட்டி?" என்று கேட்டேன்.

"பஸ் நிலையம் ஒண்ணு பாக்கியிருக்கு, சார். டெட்ராய்ட்ல. ஆள் இருக்கும்போது எடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றார் வெர்னா.

வெளிப்படிக்கட்டில் பிங்க்னி வருவோர் போவோரிடமெல்லாம், திரையில் தொப்பி அணிந்து தோன்றிய அழகன் தாமே என்று அறிவித்துக்கொண்டிருந்தார். லூசில் சற்றே தள்ளி நின்று, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

"ஆமா, புது அடுப்புதான். ஹாலன்பெக் சந்தை, நடுத்தூண் பக்கத்துல. சின்னது வேண்டாம், தங்கம். பெருசையே அனுப்பு."