முதுகைப் பார்த்துச் சொன்னது

என் வீட்டுக்காரரை விட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அடிதடி இல்லை, குடி இல்லை, வேறு பெண்ணும் இல்லை. மனுஷன் பேசுவதில்லை, அவ்வளவுதான். ஒரு வருஷமாக இதே கதைதான். நான் அடுப்படியிலிருந்து கத்துவேன். அவர் கூடத்தில் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் சொல்வேன். பின்னாலிருந்து ஒரு ‘ம்’ வராது. சுவரோடு எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது? “துணிமணிய எடுத்துக்கிட்டு இங்க வந்துடுடி” என்றாள் அக்கா. பெட்டி கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது.

சொல்வதுதான் பாக்கி. எதிரே உட்கார்ந்தால் மட்டும் ஒன்றிரண்டு வார்த்தை பதில் வரும், என் முகத்தையே கண்கொட்டாமல் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அதனால்தான் லீவு நாளில் மலைக்காட்டுக்குக் கூட்டிப் போனேன். அங்கே பலகை போட்ட நடைபாதை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். முகத்திடம் சொல்ல முடியாததை முதுகிடம் சொல்லிவிடலாம்.

காடு குளிர்ந்து கிடந்தது. மழை விட்டிருந்தும் இலைகள் சொட்டிக்கொண்டே இருந்தன. அடிமரத்திலிருந்து கிளை நுனிவரை பாசி. விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேலேயே சின்னச் சின்ன மரங்கள் வேர்விட்டு நின்றன. நான் வந்த காரியத்துக்கும் அந்த அமைதிக்கும் கொஞ்சமும் ஒட்டவில்லை.

ஓடையைத் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

“என்னங்க, நான் அக்கா வீட்டுக்குப் போறேன். இனி திரும்பி வரமாட்டேன். உங்ககூட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்கு.”

அவர் நடந்துகொண்டே இருந்தார். ஒரு பெரணிச் செடியின் சுருண்ட தளிரை நின்று தொட்டுப் பார்த்தார். பிறகு மறுபடியும் நடந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோபப்படுவார், கெஞ்சுவார் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் போகிறேன் என்கிறேன், இவர் தளிரைத் தடவுகிறாரே! என்ன கல்நெஞ்சு இது?

அப்போது எங்களுக்குப் பின்னால் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. வெடி போட்ட மாதிரி சத்தம். “ஐயோ!” என்று அலறிக்கொண்டு பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பறவைகளெல்லாம் பதறிக்கொண்டு கிளம்பின. அவர் மட்டும் திரும்பவில்லை. அதே நிதானத்தில் போய்க்கொண்டிருந்தார்.

அவர் முதுகைப் பார்த்தபடி இருந்தேன்.

அவர் நெசவு ஆலையில் தறி ஓட்டுகிறவர். கல்யாணத்துக்கு முன் நானும் அங்கேதான் இருந்தேன். அந்த இரைச்சலில் குரல் எடுபடாது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். எங்கள் காதல்கூட அப்படி வளர்ந்ததுதான். அந்த ஆலையில் ஒருவருக்குக் காது போனாலும் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது.

ஓடிப்போய் அவரை நெருக்கித் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றேன். குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன்: “தண்ணி வேணுமா?”

“வேணாம், நீ குடி” என்றார், சாவகாசமாக.

அந்த நிசப்தத்தில், என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. என் நெஞ்சில் யாரோ ஓங்கிக் குத்திய மாதிரி இருந்தது.

“எவ்வளவு நாளா?” இந்த முறையும் குரலில்லாமல்தான் கேட்டேன். வேண்டுமென்று அல்ல, குரல் வரவில்லை.

அவர் முகம் வெளுத்துப்போனது. பக்கத்து மரத்தின் பாசியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. போன வருஷத்தோட சுத்தமா இல்ல.”

“என்கிட்ட ஏங்க சொல்லல?”

“சொன்னா, செவிடன்கிட்ட என்ன பேச்சுன்னு நீ பேசறதையே விட்டுடுவியோன்னு பயம். வாய் அசையறதையாவது பார்த்துக்கிட்டு இருக்கலாமேன்னு…” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எதிர உக்காந்து நீ சொன்னது ஒண்ணையும் நான் விட்டதில்ல.”

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

“சரி, இவ்வளவு நேரம் பின்னாடி என்ன சொல்லிக்கிட்டு வந்த? நீ சும்மா வந்திருக்க மாட்டியே” என்று சிரிக்கப் பார்த்தார்.

அவர் கண் என் உதட்டிலேயே இருந்தது. வாயைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது.